பழுதான கால்வாய் லாக்: கதவு மாற்ற ஒரு நாள், தண்ணீரை விலக்கப் பல வாரம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏதாவது ஒரு லாக்கை மூடப்போவதாக அறிவிப்பு வந்ததும், புதிதாகப் படகு வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஒரு மரக்கதவை மாற்ற எதற்கு இத்தனை வாரம்? நியாயமான கேள்வி. கிரேன் வந்து நின்றுவிட்டால் பழைய கதவைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்குவது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. மற்ற நாட்கள் எல்லாம் தண்ணீரோடு கழிகின்றன. இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், வேலை முடியும்வரை அது திரும்பி வராமல் காக்க வேண்டும், முடிந்தபின் எதையும் உடைக்காமல் உள்ளே விட வேண்டும். இது புரிந்துவிட்டால் அறிவிப்பில் உள்ள தேதிகளும் புரியும், அந்த நாட்களில் உங்கள் படகு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதும் புரியும்.

தண்ணீரே சாத்தும் கதவு

பாடப்புத்தகத்தில் இதை நீர்ப்பூட்டு என்பார்கள். இங்கே லாக் என்றே சொல்வோம். மேட்டில் ஓடும் கால்வாயையும் பள்ளத்தில் ஓடும் கால்வாயையும் இணைக்கும் ஒரு நீண்ட தொட்டி அது. இரு முனைகளிலும் கதவு உண்டு. படகு உள்ளே வந்ததும் கதவுகளைச் சாத்தி, மேலிருந்து தண்ணீர் விட்டால் படகு உயரும். கீழே தண்ணீரை வடித்தால் இறங்கும். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. எல்லாமே தண்ணீரின் எடைதான்.

குறுகிய கால்வாய்களின் லாக் ஏறக்குறைய 22 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம். இரு மட்டங்களுக்கும் 2 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை தொட்டியை வடிக்கும்போதும் சுமார் 92,000 லிட்டர் கீழே போகிறது. மேலே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து வந்த தண்ணீர் அது. போனது போனதுதான்.

கீழ்முனையில் இரட்டைக் கதவு. மூடியிருக்கும்போது இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. மேல்நீரை நோக்கி ஒரு மழுங்கிய அம்புமுனை போல ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை சேரும். தாழ்ப்பாள் தேவையில்லை. மேலே சொன்ன லாக்கில், கீழ்க்கால்வாயின் ஆழம் 1.5 மீட்டர் என்றால், தொட்டி நிறைந்திருக்கும்போது அந்தக் கதவுகளின் மேல் விழும் நிகர விசை சுமார் 10 டன். பத்து டன் அழுத்தத்தில் கசியாமல் நிற்க வேண்டிய மரத்தை மில்லிமீட்டர் கணக்கில் பொருத்தியாக வேண்டும். லாக் பழுதுபார்ப்பின் சிரமம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

சில பாகங்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கதவின் சுவரோரக் கட்டை கீல்கட்டை. அது சுவரில் குடைந்த அரைவட்டக் குழிவில் சுழலும். அடியில் ஒரு இரும்புக் குடுமி. பழைய வீட்டுக் கதவுகளின் குடுமி கல்லில் உட்கார்ந்து சுழல்வதுபோலவே இதுவும் ஒரு குழியில் உட்கார்ந்து சுழலும். மேலே கீல்கட்டையை ஒரு இரும்புப் பட்டை கட்டிப் பிடித்திருக்கும். இரண்டு கதவுகளும் சேரும் விளிம்பு சந்திப்புக் கட்டை. கதவின் அடிவிளிம்பு சாய்ந்து நிற்பது தரையில் பதித்த வாசற்படியின் மேல். கதவைத் திறக்க முதுகால் தள்ளும் நீண்ட மரம் தள்ளுகட்டை. கதவின் எடையைச் சமன்செய்வதும் அதன் வேலை. தண்ணீரை விடவும் நிறுத்தவும் ஷட்டர்கள் உண்டு: சில கதவிலேயே இருக்கும், சில சுவருக்குள் செல்லும் சுரங்க வாய்க்காலின் வாயில் இருக்கும். பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட அவற்றைக் கைச்சாவியால் சுழற்றி உயர்த்துகிறோம்.

எப்படிக் கெடுகிறது

பச்சை ஓக் மரத்தில் செய்த கதவு ஏறக்குறைய 25 ஆண்டு உழைக்கும். அதற்குமேல் நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில், அதாவது நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் இடத்தில், மரம் உளுக்கத் தொடங்கும். எப்போதும் நீருக்குள் இருக்கும் மரம் அவ்வளவு சீக்கிரம் அழுகாது. வயதால் வரும் தேய்மானத்தை முன்கூட்டியே அறிந்து திட்டமிடலாம். திடீர் மூடல்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

முதலாவது, படகு மோதுவது. 18 டன் எஃகுப் படகு மெதுவாக நடக்கும் வேகத்தில், வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதவில் முட்டி 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், கதவு வாங்கும் சராசரி விசை சுமார் 18 டன். அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் மோசம்: தண்ணீர் கதவை அழுத்தும் திசைக்கு மாறாக, இரும்புப் பட்டையையும் குடுமியையும் பிடுங்கும் திசையில் அந்த விசை பாய்கிறது.

இரண்டாவது, கதவுக்குப் பின்னால் சிக்கும் பொருள். இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதவைத் திறக்கும்போது சுவருக்கும் கதவுக்கும் இடையே, கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு செங்கல் மாட்டிக்கொண்டது என்போம். தள்ளுகட்டையின் நுனியோ கீலிலிருந்து 3 மீட்டர். நெம்புகோல் விகிதம் 15. இரண்டு பேர் சேர்ந்து 50 கிலோ விசையில் தள்ளினால் செங்கல்லின் இடத்தில் 750 கிலோ. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்: பட்டையின் ஆணி பிடுங்கும், அல்லது கதவு குடுமிக்குழியிலிருந்து ஏறிவிடும். குடுமி விட்ட கதவைக் கையால் திரும்ப உட்கார வைக்க முடியாது. கதவு முழுதாகத் திறக்க மறுத்தால் தள்ளாதீர்கள். திரும்பச் சாத்தி, நீளக்கொக்கியால் துழாவிப் பாருங்கள்.

மூன்றாவது, ஷட்டரைச் சுழற்றி இறக்காமல் கொக்கியை எடுத்துவிட்டு அப்படியே விழவிடுவது. வார்ப்பிரும்புப் பல்சக்கரம் ஒருநாள் பல் உடையும். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டால் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டேயிருக்கும்.

நான்காவது, வாசற்படி. மேல் கதவின் படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி வடியும்போது படகின் பின்முனை அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்முனை கீழே இறங்க இறங்கப் படகு சரிந்து முழுகும். அதனால்தான் லாக்கின் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள்: இறங்கும்போது படகு முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். படகின் சுக்கான் படியில் இடிபட்டால் படிமரமும் பெயரும். படிக்கு அடியிலேயே தண்ணீர் வழி பிடித்துவிட்டால் அதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: கதவுக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழியிடும்.

ஐந்தாவது, சுவர். சுவருக்குப் பின்னால் நிரப்பிய மண்ணைக் கசிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துச் செல்லும். மேலே புல்தரையில் சிறு பள்ளம் விழுந்தால் அது எலி வளை என்று விட்டுவிடாதீர்கள், அறிவியுங்கள். இன்னொரு வகையில், ஈரமண்ணின் அழுத்தத்தால் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளும். லாங்கோலன் கால்வாயில், ஹர்ல்ஸ்டன் லாக் வரிசையின் ஆகக் கீழே உள்ள லாக்கில் நடந்தது இதுதான். சுவர்கள் நெருங்கி நெருங்கி, மற்ற லாக்குகளில் தாராளமாக நுழையும் பழைய சரக்குப் படகுகள் அங்கே மாட்டிக்கொள்ளும் நிலை வந்தது. 2019–20 குளிர்காலத்தில் சுவரை எடுத்துக் கட்டினார்கள். அந்தக் கால்வாய் நாட்டின் முக்கியக் கால்வாய் வலையோடு சேரும் ஒரே வாசல் ஹர்ல்ஸ்டன்தான். ஆகவே அந்த ஒரு லாக்கை மூடினால் ஒரு கால்வாயே தீவாகிறது.

ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி

கொஞ்சம் கசிந்தால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கதவுகள் சேரும் இடத்தில் 5 மில்லிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் இடைவெளி. தொட்டி நிறைந்திருக்கும்போது அதன் வழியே வினாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் பீறிடும். மேல்கதவு நன்றாக மூடினால் தொட்டி காலியானதும் கசிவு நின்றுவிடும். மேல்கதவும் கசிந்தால்தான் ஆபத்து: மேலே உள்ள தண்ணீர் இரவெல்லாம் வழிந்துகொண்டிருக்கும்.

இரண்டு லாக்குகளுக்கு இடையே 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய்த் துண்டு. அதில் மட்டம் 30 சென்டிமீட்டர் இறங்க 6,00,000 லிட்டர் போக வேண்டும். வினாடிக்கு 25 லிட்டர் போனால் ஏழு மணி நேரம்கூட ஆகாது. இரவு கட்டிய படகு காலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஷட்டரைத் திறந்தபடி விட்டுச் சென்றால் இதைவிடப் பலமடங்கு வேகம். 2018 மார்ச்சில் மிடில்விச் கிளைக் கால்வாயின் கரை உடைந்ததற்குக்கூட, லாக்கில் திறந்தபடி விடப்பட்ட ஷட்டர்கள் வழியே வந்த தண்ணீர் கரைமேல் வழிந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. டிசம்பரில்தான் அங்கே மறுபடி படகு ஓடியது.

பழுதுபார்க்கும் முறை

2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியைக் கவனித்துவருவது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழி, 1,500-க்கும் மேற்பட்ட லாக்குகள். திட்டமிட்ட வேலைகளை நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வாடகைப் படகுகள் பெரும்பாலும் ஓடாத காலம் அது.

முதலில் அளவெடுப்பு. எந்த இரண்டு லாக்கும் ஒன்றுபோல இருக்காது. இருநூறு ஆண்டுகளாகத் தேய்ந்த கல்லுக்கு ஏற்ப ஒவ்வொரு கதவையும் தனியாகச் செய்ய வேண்டும். வேக்ஃபீல்டு அருகே ஸ்டான்லி ஃபெர்ரியில் இதற்கென்றே பட்டறை இருக்கிறது. ஒரு கதவு செய்ய 20 நாள் வரை பிடிக்கும். உடைந்த அன்றே மாற்றுக்கதவு கிடைக்காததற்கு இதுவே காரணம். கிடங்கில் தயாராக வைத்திருக்கக்கூடிய பொருள் அல்ல அது.

அடுத்து தண்ணீரை அடைப்பது. லாக்கின் மேலும் கீழும் சுவரில் செங்குத்தான காடிகள் வெட்டியிருப்பார்கள். அவற்றுக்குள் தடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் தற்காலிக அணை. பலகைகளின் இடுக்கில் கசியத்தான் செய்யும். மேல்நீர்ப் பக்கம் நிலக்கரிச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம்: கசிவே அதை இழுத்துச் சென்று இடுக்கில் அடைத்துவிடும். எளிமையான வழி, இன்றும் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் விரிப்பும் பயன்படுத்துகிறார்கள். காடியின் அடியில் ஒரு கல் கிடந்தால் முதல் பலகை சரியாக உட்காராது. அதை எடுக்க முக்குளிப்பவரை அழைக்க வேண்டிவரும், ஒரு நாள் போய்விடும்.

கால்வாயில் தொடர்ந்து வரும் நீரையும் எங்காவது அனுப்ப வேண்டும். லாக்கைச் சுற்றிக் கலிங்குபோல ஒரு வாய்க்கால் இருந்தால் அதன் வழியே. இல்லாவிட்டால் பம்பும் குழாயும் இரவுபகலாக ஓட வேண்டும். ஹர்ல்ஸ்டனில் உள்ள குடிநீர்த் தேக்கத்துக்கு டீ (Dee) என்னும் ஆற்றின் நீர் லாங்கோலன் கால்வாய் வழியாகவே வருகிறது. அந்தப் பாதையில் எந்த லாக்கில் வேலை நடந்தாலும் ஓட்டத்தை நிறுத்தவே கூடாது.

தொட்டியை வற்றவிடும்முன் மீன்களை எடுக்க வேண்டும். அனுமதி பெற்று, நீரில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, மயங்கிய மீன்களை வலையில் அள்ளிப் பக்கத்துப் பகுதியில் விடுவார்கள். பிறகு பம்ப் போட்டு இறைப்பது. இங்கே அவசரம் கூடாது. தொட்டியில் நீர் இருந்தவரை அது சுவரை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்தது; பின்னால் உள்ள மண்ணோ இன்னும் ஈரம். வேகமாக வடித்தால் நிலத்தடி நீரின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும், தரையைக்கூட மேலே உயர்த்திவிடும். பலவீனமான சுவரென்றால் இரு சுவர்களுக்கும் இடையே குறுக்கே முட்டுக்கொடுத்துவிட்டு மெல்ல மெல்ல வடிப்பார்கள்.

வற்றிய பிறகுதான் உண்மை தெரியும். கதவு மாற்ற வந்தவர்கள், படிமரம் உளுத்திருப்பதையும் சுரங்க வாய்க்காலின் செங்கல் உதிர்ந்திருப்பதையும் அப்போதுதான் பார்க்கிறார்கள். அறிவிப்புத் தேதி தள்ளிப்போகும் இடம் இதுதான். தள்ளிப்போவது எரிச்சல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பழுதை விட்டுவிட்டுத் தண்ணீரை விடுவது அடுத்த கோடையில் அவசர மூடலாகத் திரும்பி வரும்.

கதவு பல டன் எடை இருக்கலாம். சாலை இருந்தால் கிரேன். இல்லாவிட்டால் படகில் கொண்டுவந்து முக்காலி நிறுத்திச் சங்கிலியால் தூக்க வேண்டும். இறக்குமுன் சுவரின் குழிவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பழைய குடுமியின் தேய்மானத்தைப் பார்த்து மாற்றுவார்கள். புதிய கீல்கட்டையைக் குழிவில் வைத்துப் பார்த்து, எங்கே முட்டுகிறதோ அங்கே செதுக்கி, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். நுணுக்கம் என்னவென்றால், குடுமியிலும் மேல்பட்டையிலும் கொஞ்சம் தளர்வு வேண்டும். இறுக்கிப் பூட்டிவிட்டால் நீரழுத்தம் வரும்போது கட்டை குழிவோடு ஒட்டி உட்கார இடமிருக்காது, கசியும். திறந்திருக்கும்போது லேசாக விலகி, மூடி அழுத்தம் வந்ததும் ஒட்ட வேண்டும். அனுபவமுள்ள தச்சரின் கையில்தான் இது வரும்.

சுவர் வேலைக்குச் சிமெண்ட் எல்லா இடத்திலும் ஆகாது. பழைய செங்கல் மென்மையானது. கடினமான சிமெண்ட் பூச்சு அதன் ஈரத்தை வெளியேற விடாது, உறைபனியில் செங்கல்லின் முகம் உதிரும். அதனால் நீரிலும் இறுகும் சுண்ணாம்புச் சாந்து. அதற்கும் ஒரு கட்டுப்பாடு: வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் பூசக்கூடாது. படகு ஓடாத குளிர்காலத்தில்தான் வேலை நடக்க வேண்டும், சாந்துக்கோ குளிர் ஆகாது. கூடாரம் போட்டுச் சூடேற்றிக்கொண்டு வேலை செய்வதை நீங்கள் பார்த்தால் காரணம் இதுதான். சுவருக்குப் பின்னால் உள்ள பொந்துகளில் துளையிட்டுச் சாந்துக் கூழைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தம் கூடினால் சரிசெய்ய வந்த சுவரே நகரும்.

இதற்கிடையே படகில் இருப்பவர்கள்

விடுமுறைக்கு வருபவருக்கு ஒரு பயணம் போகும். படகையே வீடாகக் கொண்டவருக்கு நிலைமை வேறு: தண்ணீர்க் குழாய், கழிவறைத் தொட்டியைக் காலிசெய்யும் இடம், டீசல், நிலக்கரி, எரிவாயு, பிள்ளைகளின் பள்ளி, வேலை இதில் ஏதாவது ஒன்று மூடிய லாக்கின் மறுபக்கம் இருக்கும். குளிர்கால மூடல் பட்டியல் வெளியானதும் வரைபடத்தை விரித்து, இரண்டு மூடல்களுக்கு நடுவில் அகப்படும் பகுதியில் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயாவது இல்லாத பகுதியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மூடும் நாளுக்கு முந்தைய நாள் கடந்துவிடலாம் என்று நினைப்பவர் பலர். வரிசை நீளும், பனி உறையும், ஆற்றில் வெள்ளம் வரும். ஒரு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரக் கட்டுமிடம் இல்லாமல் சுற்றிவருபவர்களுக்கு 14 நாள் விதி உண்டு: 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்குமேல் நிற்கக் கூடாது, சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலம் தவிர. லாக் மூடியிருப்பது அந்த நியாயமான காரணங்களில் ஒன்று. ஆனால் அது தானாகப் பதிவாகாது. எந்த லாக், எந்தத் தேதி முதல், படகு எங்கே நிற்கிறது என்று எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அகப்பட்ட பகுதிக்குள்ளேயே நகர இடமிருந்தால் நகருங்கள். குழாயடியில் ஒரே படகு வாரக்கணக்கில் நின்றால் மற்றவர்களுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில்லை.

பல கால்வாய்கள் வழியே வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. பயண நேரத்தைக் கணிக்க, மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுப்பது வழக்கம், வருவது மணிக்கணக்கு. நான்கு கவுண்டி சுற்று என்ற வட்டப்பாதை 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, வகுத்தால் 68 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி ஓட்டினால் பத்து நாள். கடைசி லாக்குக்கு வந்தபின் அது உடைந்திருக்கிறது என்று தெரிந்தால், வீடு அரை மைல் தூரத்தில் இருந்தாலும், படகு வந்த வழியே பத்து நாள் திரும்ப வேண்டும். வாடகைப் படகு எடுத்தவர் என்றால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். திரும்பும் இடம் உங்கள் முடிவல்ல, அவர்கள் படகு அது.

சில நேரம் முழுதாக மூடாமல், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பணியாளர் முன்னிலையில் படகுகளை விடுவார்கள். கதவு பலவீனமாக இருக்கும்போதும் தண்ணீர் குறைவாக இருக்கும்போதும் இப்படிச் செய்வதுண்டு. அந்நேரம் ஷட்டரை அவர்கள் சொல்லும் வேகத்தில்தான் உயர்த்த வேண்டும். அகலமான லாக் என்றால் இரண்டு படகுகள் சேர்ந்து போங்கள். ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம்.

மட்டம் இறங்கும் பகுதியில் கட்டியிருந்தால் கயிற்றில் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டிய படகு நீர் இறங்கும்போது கரையில் தொங்கிச் சாயும். தரை தட்டினால் என்ஜினை முடுக்காதீர்கள்: விசிறி அடிச்சேற்றை அள்ளும், குளிர்நீர்ப் பாதை அடைபட்டு என்ஜின் சூடேறும். கழியால் தள்ளிப் பாருங்கள், ஆட்களைப் படகின் ஒரு பக்கத்துக்கு நகரச் சொல்லுங்கள். மேல் லாக்கின் ஷட்டர்களைத் திறந்து நீங்களே தண்ணீர் விடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். உங்கள் பகுதி நிறைய, மேல்பகுதியில் நிற்கும் படகு தரை தட்டும். தொலைபேசியில் சொல்லுங்கள், கணக்குத் தெரிந்தவர் வந்து விடட்டும்.

பழுதைத் தெரிவிக்கும்போது "கதவு உடைந்திருக்கிறது" என்றால் போதாது. லாக்கின் எண், மேல்கதவா கீழ்க்கதவா, நடைபாதைப் பக்கமா எதிர்ப்பக்கமா, கதவு ஷட்டரா சுவர் ஷட்டரா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மட்டம் இறங்குகிறதா. ஒரு படமும் அனுப்புங்கள். வரும் குழு பல்சக்கரத்தைக் கொண்டுவர வேண்டுமா, அடைப்புப் பலகையைக் கொண்டுவர வேண்டுமா என்பதை இதைக்கொண்டே முடிவுசெய்கிறது.

லாக்கை மறுபடி திறந்த பிறகு முதல் சில வாரம் புதுக்கதவு கனமாகத் தோன்றும், கொஞ்சம் கசியவும் செய்யும். மரம் நீர் குடித்து ஊதும்போது இடுக்குகள் அடைபடும். கசிகிறதே என்று கதவைப் படகால் முட்டி இறுக்கப் பார்க்காதீர்கள். கதவு தானாக மெல்ல நகர்ந்தால் தள்ளுகட்டைமேல் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஷட்டரைத் திறந்து மட்டம் மாறத் தொடங்கியதும் தண்ணீரே அதைச் சாத்திவிடும்.